வீட்டுக் குடிமராமத்து

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று தெரிந்தால் எங்கள் தெரு முனையில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். தினமும் காலை ஏழே முக்காலுக்குத் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனுக்குத்தான் அந்தச் சனிக்கிழமையின் அருமை தெரியும். பேங்க்காரர்களுக்கு 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது சனி, நாலாவது சனி இரண்டும் லீவு. நான் பேங்க்காரன் இல்லை. அந்தப் பொறாமையை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

லீவு நாள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் தெளிவான திட்டம் உண்டு. எட்டு மணிக்கு எழுந்திருப்பது. 'இன்னும் மணி எட்டுதானே' என்று மறுபடி படுப்பது. பத்து மணிக்கு இட்லி. பதினொன்றுக்கு டி.வி. ஒன்றரைக்குச் சாப்பாடு. சாப்பிட்ட களைப்பு தீர ஒரு தூக்கம். தூங்கின களைப்பு தீர ஒரு காபி. சாயங்காலம் குடமுருட்டி பாலத்துப் பக்கம் போய் நண்பர்களோடு நின்று, 'ஞாயித்துக்கிழமை வந்ததும் தெரியல, போனதும் தெரியல' என்று சனிக்கிழமையே புலம்ப ஆரம்பிப்பது.

இந்தத் திட்டத்தில் 'வீட்டைச் சுத்தம் செய்வது' என்கிற ஐட்டமே கிடையாது. அதெல்லாம் தானாக நடக்கும் என்பது என் நம்பிக்கை. சூரியன் தானாக உதிக்கவில்லையா, அது போல.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபீசில் நான் 'ஐந்து எஸ்' கமிட்டி மெம்பர்! தெரியாதவர்களுக்கு: இது ஜப்பான்காரர்களின் தொழிற்சாலை வேதம். ஸெய்ரி, ஸெய்டோன், ஸெய்ஸோ, ஸெய்கெட்ஸு, ஷிட்ஸுகே. வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு ஓர் இடம் கொடு, துடைத்து வை, அதையே வழக்கமாக்கு, அந்த ஒழுக்கத்தை விடாதே. ஐந்தையும் ஒரே மூச்சில் சொன்னதற்காக மேனேஜர் என் முதுகில் தட்டியிருக்கிறார். ஆபீஸ் மேஜையில் ஸ்டேப்ளர் வைக்க மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் என் சட்டை எங்கே இருக்கிறது என்று என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீடு பழைய காலத்து நாட்டு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று நீளமாக ரயில் மாதிரி போகும். இந்த மாதிரி வீட்டில் ஒரு சௌகரியம், எதையும் தூக்கிப் போட வேண்டாம். பரணில் இடம் இருக்கும். பரண் நிறைந்தால் ரேழி. ரேழி நிறைந்தால் கட்டிலுக்கடியில்.

அப்படி நான் சேர்த்து வைத்திருந்த சொத்து விவரம்: செத்துப்போன ஏழு செல்போன்களின் சார்ஜர்கள், ஒரு பிஸ்கட் டின் நிறைய. எதற்கு என்று தெரியாத ஒயர்கள், ஒரு பை நிறைய. 'பின்னால் உதவும்' பிளாஸ்டிக் கவர்கள், ஒரு பெரிய கவருக்குள் சின்னக் கவர், அதற்குள் இன்னும் சின்னக் கவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ம் தேதி பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும், 'பார்த்தியா, இனிமே இதுக்கெல்லாம் கிராக்கி' என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னவன் நான். அப்புறம் ஏ.டி.எம். சீட்டுகள். ஒரு சாக்ஸ். (இன்னொன்று 2017-ல் காணாமல் போனது. என்றாவது திரும்பி வரும்.)

எல்லாவற்றுக்கும் மேலே மணிமகுடம், டி.வி. வந்த அட்டைப்பெட்டி. தெர்மக்கோலோடு. ரேழியில் கதவு ஓரமாக.

''ஏங்க, டி.வி. வாங்கி நாலு வருஷம் ஆச்சு. அந்தப் பெட்டி எதுக்கு?''

''ரிப்பேர்னு வந்தா ஒரிஜினல் பெட்டியோட கொண்டு போகணும். ஒனக்கு அதெல்லாம் தெரியாது.''

எனக்கும் தெரியாது. ஆனால் ஆம்பளை ஒரு தடவை சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

* * *

போன வருஷம் ஒரு மார்கழி ராத்திரி. கரண்ட் போயிருந்தது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. ராத்திரியில் ஒரு தடவை எழுந்து வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும். அந்த வீட்டில் ஐம்பது வருஷமாக நடக்கிறவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் திண்ணையிலிருந்து கொல்லை வரைக்கும் போய் வருவார்.

'தொப்'பென்று ஒரு சத்தம். அப்புறம் தெர்மக்கோல் நொறுங்குகிற சத்தம். எழுந்து செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடினேன். அம்மா ரேழியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு வளைந்து போயிருந்தது.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: ''எதுல தடுக்கி விழுந்தீங்கம்மா?''

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ''எதுலயும் இல்ல டாக்டரு. என் கால்லயே என் கால் தடுக்கிடுச்சு. வயசாச்சுல்ல.''

சார், நான் வாழ்க்கையில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். வாத்தியார், மேனேஜர், மாமனார் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் திட்டியிருக்கிறார்கள். எதுவும் அந்த ஒரு பொய் உறைத்த மாதிரி உறைத்ததில்லை.

மாவுக்கட்டு ஆறு வாரம். வலது கை. அம்மாவுக்கு மனைவிதான் தலைவாரிவிட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள். அந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

* * *

ஆகவே ஒரு சபதம் எடுத்தேன். வந்த இரண்டாவது சனிக்கிழமை வீட்டையே புரட்டிப் போட்டுவிடுவது!

காலை ஆறு மணிக்கே லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன். பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். கட்டிலுக்கடியிலிருந்து எல்லாவற்றையும் இழுத்தேன். பீரோவைக் காலி பண்ணினேன். எல்லாம் முற்றத்தில். பத்து மணிக்கு முற்றம் நிறைந்தது. பன்னிரண்டு மணிக்குக் கூடம் நிறைந்தது. ஒரு மணிக்கு, என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோ கிடைத்தது. அதில் யார் யார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்து, இரண்டு பேருக்குப் போன் பண்ணி முடித்தபோது மணி மூன்று. மனைவி அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வர வழியில்லாமல், சாதத்தட்டை ஓர் அண்டாவுக்கு மேலாக நீட்டினாள்.

நாலு மணிக்குத் தூறல் போட்டது. முற்றத்தில் கிடந்ததையெல்லாம் வாரி மறுபடி பரணில் அடைத்தேன். முன்பு அடுக்கி வைத்திருந்தது, இப்போது திணித்து வைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே ஒரு சாதனை, ஒரு சாக்கு நிறையப் பழைய பேப்பர் போட்டுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகக் கேட்டார்: ''தம்பி, பரண்ல செவப்புக் கயிறு கட்டி அப்பா டைரி நாலு இருந்துச்சே?''

டீ தொண்டையிலேயே நின்றது. அப்பா எழுதி வைத்த நெல் கணக்கு. எந்த வருஷம் எத்தனை மூட்டை கண்டது, ஆள் கூலி எவ்வளவு, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு கட்டினார், எல்லாம் பென்சிலில். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பழைய பேப்பர்காரர் பூதலூர் ரோட்டில் அகப்பட்டார். சாக்கைக் கொட்டித் தேடி எடுத்தோம். கிலோ கணக்கில் போட்டதை அவர் எனக்குத் தனித்தனி ரேட்டில் திருப்பி விற்றார். நியாயம்தான். அவரும் வியாபாரி.

* * *

அன்று ராத்திரி முதுகு வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வெற்றிலையை மடித்தபடி வந்து உட்கார்ந்தார். எழுபது வருஷமாக வயலில் இறங்குகிற மனுஷர்.

''என்னடா, காலையிலேருந்து ஒங்க வீட்டுல ஒரே இடியா இடிச்சுது?''

சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். ''படிச்சவன் மாதிரி வேலை பாத்திருக்க. வாய்க்கா ஓரத்துல பொறந்துட்டு இது தெரியல பாரு. ஏண்டா, வாய்க்கால்ல தண்ணி ஓடுறப்ப தூர் வார முடியுமா?''

''முடியாது.''

''அப்ப எப்ப வாருவாங்க?''

''தண்ணி நிறுத்தினப்புறம்.''

''அதான். அது வாய்க்காலுக்கு லீவு. லீவுல தூர் வாரினாத்தான் வேலை நாள்ல தண்ணி ஓடும். லீவு தூங்குறதுக்கு மட்டும் இல்லடா.''

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். ஜனவரி 28-ல் மூடுவார்கள். நடுவில் இருக்கிற நாலரை மாதம்தான் காவிரிக்கும் அதன் கிளைகளுக்கும் கோடை விடுமுறை. அந்த விடுமுறைக்குள் வாய்க்கால்களைத் தூர் வார வேண்டும், வெங்காயத்தாமரையையும் காட்டாமணக்கையும் பிடுங்க வேண்டும், மதகுக்கு எண்ணெய் போட வேண்டும். 2022-ல் மே 24-ம் தேதியே அணையைத் திறந்துவிட்டார்கள். விருந்தாளி இரண்டரை வாரம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றால் எப்படி இருக்கும்? வாய்க்கால் வாரிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த வேலைக்கு நம் ஊரில் பழைய பெயர் குடிமராமத்து. உடனே சில பேர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. அந்தக் குடி இல்லை சார்! குடி என்றால் குடியானவர், ஊர்க்குடிகள். அவரவர் வாய்க்காலை அவரவரே கூடி மராமத்துப் பார்ப்பது. வெள்ளைக்காரன் 1858-ல் இதற்கு ஒரு சட்டமே போட்டான். நம் அரசாங்கம் 2017-ல் அதே பெயரில் மறுபடி ஒரு திட்டம் ஆரம்பித்தது. யாரோ வந்து செய்வார்கள் என்று எதிர்பார்க்காமல், தண்ணீரை அனுபவிக்கிறவனே மண்வெட்டியைத் தூக்குவதுதான் அதன் சாரம்.

மண் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கல்லணையே சாட்சி. கரிகாலன் பேரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிற அந்த அணைக்கு முன்னால், 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் காவிரிப் படுகை மணல் மேடிட்டுப்போய், தண்ணீர் கொள்ளிடம் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. தஞ்சாவூர் வயல்கள் காயும் நிலைமை. அப்போது வந்த ஆர்தர் காட்டன் என்ற இன்ஜினீயர், பழைய அணையை இடிக்கவில்லை. அதிலேயே மணல் போவதற்கு வழிவிட்டு மணற்போக்கிகள் வைத்தார். அப்புறம் 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். சேருகிற மணலுக்கு வெளியே போக ஒரு வழி வேண்டும் என்பதைத்தான் அவர் புரிந்துகொண்டார். என் வீட்டில் பொருள் வருவதற்கு வாசல், கொரியர், ஆன்லைன் என்று ஆயிரம் வழி. போவதற்கு ஒரு வழியும் இல்லை.

பெரியப்பா எழுந்து போகும்போது இன்னும் இரண்டு சொன்னார். ஒன்று: ''வாரின மண்ணைக் கரையிலயே குவிச்சுட்டுப் போனா, மொத மழைக்கு மறுபடி வாய்க்காலுக்குள்ளதான் வரும். அன்னிக்கே அள்ளிடணும்.''

இரண்டாவதுதான் முக்கியம். ''நாமல்லாம் தலைமடை ஆளுங்க. கல்லணை பக்கம். அடைப்பு இருந்தாலும் நமக்குத் தண்ணி வந்துரும், ஒண்ணும் தெரியாது. அடைப்பு எங்கன்னு கடைமடைக்காரனைக் கேட்டாத்தான் தெரியும்.''

* * *

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலைமடை உண்டு, ஒரு கடைமடை உண்டு. எனக்குச் சட்டை வந்துவிடுகிறது, காபி வந்துவிடுகிறது, சாவி 'இந்தாங்க' என்று வந்துவிடுகிறது. ரேழியில் பெட்டி கிடந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். இடிக்கிறது யாருக்கு? இருட்டில் நடக்கிற அம்மாவுக்கு. அந்தப் பெட்டியை ஒரு நாளைக்கு ஒரு தடவை நகர்த்திக் கூட்டி, மறுபடி நகர்த்தி வைக்கிற மனைவிக்கு.

இது என் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்கிற இரண்டு பெண்மணிகள் 2010-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பங்கள். மொத்தம் 60 பேர். ஒவ்வொருவரும் தன் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே பேச வேண்டும். 'இங்கே ஒரே அடைசல், இது முடிக்காத வேலை' என்று யார் யார் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். எச்சிலில் கார்டிசால் என்கிற ஹார்மோனையும் அளந்தார்கள். மன அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட இந்தச் சாமான், சாதாரணமாகக் காலையில் ஏறி இருக்கும், சாயங்காலத்துக்குள் நன்றாக இறங்கிவிடும். வீடு அடைசல் என்று சொன்ன பெண்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. பொழுது சாயச் சாய மனசும் சோர்ந்துபோனது. வீட்டால்தான் இப்படி ஆனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஆண்களுக்கு? அந்தத் தொடர்பு பெண்களிடம்தான் தெரிந்தது. நம்ம ஆட்கள் கண்ணில் அடைசலே பட்டிருக்காது! அதே பெட்டி, அதே ரேழி. ஒருத்தருக்கு பாரம், ஒருத்தருக்கு வெறும் அட்டை.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் விசேஷம். 2019-ல் மத்திய அரசு, யார் எவ்வளவு நேரம் எதில் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளைக்கு ஈடுபடுகிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். சரி, அந்த 26 பேராவது எவ்வளவு நேரம் செய்கிறார்கள்? 97 நிமிஷம். பெண்கள்? 299 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை உட்பட. நமக்கு வாரம் ஒரு நாளாவது வாய்க்காலை மூடுகிறார்கள். அவர்களுக்கு மேட்டூர் மூடுவதே இல்லை.

* * *

இப்போது என் முறை மாறிவிட்டது. உபதேசம் பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். அடிபட்டவன் சொல்கிறேன்.

முதலாவது, லீவு நாளில் இரண்டே மணி நேரம். காலை எட்டிலிருந்து பத்து. அதற்கப்புறம் வழக்கமான தூக்கத் திட்டம் அப்படியே அமல்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரே இடம். ஒரு மேஜை டிராயர், ஒரு பீரோ தட்டு, அவ்வளவுதான். வாய்க்காலையே கஜம் கஜமாகத்தான் வாருகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று அம்மாவிடமும் மனைவியிடமும் கேட்பேன், கடைமடைக்காரர்கள் ஆயிற்றே! ''ஒங்களுக்கு எங்க இடிக்குது?'' என்று முதல் தடவை கேட்டபோது மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரமா என்று.

மூன்றாவது, என் பொருளை மட்டும்தான் கழிப்பேன். அடுத்தவர் பொருளைத் தொட மாட்டேன். அப்பா டைரி கற்றுக் கொடுத்த பாடம். பத்திரம், பட்டா, சர்ட்டிபிகேட், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் ஒரே பையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். பழைய ஏ.டி.எம். சீட்டுகளைக் கையில் எடுத்தேன். எல்லாம் வெள்ளையாக இருந்தன. அந்தக் காகிதத்தில் சூட்டால் விழுகிற எழுத்து நாளாக ஆகத் தானே அழிந்துவிடும். ஆறு வருஷமாக நான் பத்திரப்படுத்தியது வெற்றுக் காகிதம்!

நாலாவது, வாரின மண் அன்றைக்கே வெளியேற வேண்டும். கொடுக்க வேண்டியது கொடுக்கப்பட வேண்டும், போட வேண்டியது போடப்பட வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று ரேழியில் வைத்தால் அது அடுத்த போகி வரைக்கும் அங்கேதான்.

போகி என்றதும் ஒன்று. பழையன கழிதல் என்றால் கொளுத்துவது என்று அர்த்தமில்லை. பழைய பாயையும் ஓலையையும் கொளுத்தின காலம் வேறு. இன்று நம் வீட்டில் இருப்பது டயரும் பிளாஸ்டிக்கும். 2018-ல் போகி அன்று காலையில் சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. ஒயரையும் தெர்மக்கோலையும் கொளுத்தினால் கழிவது பழசு இல்லை, நம் நுரையீரல்.

ஐந்தாவது, கொல்லைப்பக்கம் ஒரு சுற்று. இது கட்டாயம் வாரா வாரம். டெங்கு கொசு சாக்கடையில் வளர்கிற கொசு இல்லை. நல்ல தண்ணீரில் முட்டையிடுகிற 'நாகரிகமான' கொசு. கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற டப்பா எல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆவதற்குச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் கொசுவின் ஜாதகத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்!

இன்னொரு சின்ன விஷயம், ஃபேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை இறக்கைமேல் மாட்டி, அழுத்தித் துடைத்தபடி இழுங்கள். தூசி எல்லாம் உறைக்குள் வந்துவிடும். உலர்ந்த துணியால் தட்டினால் அது உங்கள் மூக்குக்குள் போகும். தும்மல்காரர்கள் ஈரத்துணியைக் கையில் எடுங்கள்.

ரொம்பவும் மும்முரமாகிவிட வேண்டாம். 2011-ல் ஒரு புத்தகம் எழுதி உலகத்துக்கே வீட்டை ஒழுங்கு பண்ணக் கற்றுக் கொடுத்த ஜப்பான் பெண்மணி மரி கொண்டோ, மூன்றாவது குழந்தை பிறந்தபிறகு வீடு முன்னைப்போல் ஒழுங்காக இல்லை என்பதை 2023-ல் ஒப்புக்கொண்டார். குழந்தைகளோடு இருப்பதுதான் முக்கியம் என்றார். அந்தச் செய்தியைப் படித்த அன்று மனைவியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ''அவங்க வீடு ஒழுங்கா இருந்து, அப்புறம் கலைஞ்சுது. நம்ம வீடு எப்ப ஒழுங்கா இருந்துச்சு?'' என்றாள். பேசாமல் வந்துவிட்டேன்.

ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்: 'ஹெல்ப்'. 'லீவு நாள்ல ஒய்ஃபுக்கு ஹெல்ப் பண்றேன்' என்று ஆபீசில் ஒருநாள் பீற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மணி தலையைத் தூக்காமலே கேட்டார்: ''ஏன் சார், அது அவங்க வீடு மட்டுமா?'' குடிமராமத்து என்றால் என்ன என்று பெரியப்பா அரைமணி நேரம் சொன்னதை அவர் நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஞானம் எல்லாம் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் சாவி தேடுவதில்லை. பஸ்ஸுக்கு ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்றுக்குள் ஒரு கல் வந்து உட்காருமே, அந்தக் கல் கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது. மூன்று நாளைக்கு முன் ராத்திரி மறுபடி கரண்ட் போனது. விழித்துக்கொண்டு படுத்தே இருந்தேன். அம்மா எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. கூடம். ரேழி. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிற சத்தம். திரும்பி ரேழி. கூடம். எங்கேயும் நிற்காத காலடிச் சத்தம். பாய் விரிப்பில் படுக்கிற சத்தம் கேட்டபிறகுதான் மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை டி.வி. ஓடவில்லை. திரையில் பாதிக்கு மேல் இருட்டு. ரிப்பேர் கடைக்குப் போன் பண்ணினேன்.

''கொண்டாங்க சார், பாத்துரலாம். பத்திரமா கொண்டு வரணும். ஒரிஜினல் அட்டைப்பெட்டி வச்சிருக்கீங்களா?''

போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அம்மாதான், கட்டுப் பிரித்த வலது கையைத் தூக்கி, ''போனாப் போவுது, விடுடா. பாயில சுத்தி எடுத்துட்டுப் போ'' என்றார்.